கிடங்குக்குள் இருப்பவள்

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஒன்பது பேர் பாஸ்வேர்டை மறந்திருந்தார்கள். ஒருவருடைய படகு பாறைக்குள் பாதி புகுந்து நிற்கிறது. இன்னொருவருக்கு ஆட்டைக் காணவில்லை.

பாஸ்வேர்டுகளை மாற்றிக் கொடுத்தேன். படகை ஷகீனாக்காவிடம் சொன்னேன், அவர் இழுத்துவிட்டார். ஆடு காணாமல் போனது கதையா, கோளாறா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்பதற்கு முதலாளி மௌலி சார் அறைக்குப் போக வேண்டும். "பசித்தால் தானே வரும். அவசரமில்லை, மெதுவாகப் பாருங்கள்" என்று எழுதி அனுப்பினேன்.

சாயங்காலம் ஆடு வந்துவிட்டதாக நன்றி சொல்லியிருந்தார். நாங்கள் யாரும் ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 5, வியாழன்

ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலுக்குப் புதுப் பெண் வந்திருக்கிறாள். என்ன வேலை என்று கேட்டாள். "ஓதம்" என்ற ஆன்லைன் விளையாட்டு, அதில் வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவேன் என்றேன். "வெளையாடறதுக்கு ஆளு வெச்சிருக்காங்களா?" என்றாள். இல்லை, விளையாடுகிறவர்களுக்குப் பதில் சொல்ல என்றேன். அவளுக்கு இரண்டும் ஒன்றாகவே பட்டது போலிருக்கிறது.

அம்மாவுக்கும் இப்படித்தான் விளக்கினேன். அம்மா தெருவில் "கம்ப்யூட்டர்ல குறை தீர்க்கா" என்று சொல்லிவைத்திருக்கிறாள். அது சரிதான்.

ஓதத்தில் ஒரு தீவு. ஒரு நாள் கடல் உள்வாங்கிப் போகிறது, திரும்பி வரவில்லை. ஆடுகிறவர்கள்தான் அந்த ஊர் ஜனங்கள். கடல் ஏன் போனது என்று கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கதையில் ஒரு அத்தியாயம் கூடும். கரையில் ஒரு உப்புக் கிடங்கு இருக்கிறது. அதன் கதவு திறந்ததே இல்லை. நான் எழுதும் பதில்கள், அந்தக் கதவுக்கு அடியிலிருந்து வெளியே தள்ளிவிட்ட துண்டுச் சீட்டாக அவர்களுக்குப் போய்ச் சேரும்.

ஏன் அப்படி என்று ஒரு நாள் ஷகீனாக்காவிடம் கேட்டேன். புரோகிராம் எழுதியது அவர்தான்.

"மெசேஜ் வர்றதுக்குத் தனியா ஒரு ஸ்கிரீன் பண்ண நேரம் இல்லடா. ஏதாச்சும் ஒரு கட்டடத்துல மாட்டிவிடணும். மத்த எல்லா வீட்டுலயும் ஆளு இருந்துச்சு. இது ஒண்ணுதான் காலியா கெடந்துச்சு."

ஜூன் 17, செவ்வாய்

மௌலி சார் எல்லோரையும் கூப்பிட்டார். மொத்தம் ஆறு பேர். ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி கடைசி அத்தியாயம். அன்று கிடங்கின் கதவு திறக்கும் என்று ஏற்கெனவே விளம்பரம் செய்தாகிவிட்டது. அது நன்றாக அமைந்தால் இரண்டாம் பாகத்துக்குப் பெங்களூரில் ஒருவர் பணம் போடுவார். அமையாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

கிடங்குக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கதை எழுதிய எபனேசர் சார் பொங்கலோடு வேலையை விட்டுப் போய்விட்டார். மௌலி சார் எங்கள் முன்னாலேயே ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவரைக் கூப்பிட்டார்.

"எபி, அந்தக் குடோனுக்குள்ள என்னதான் வெச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் வைக்கலீங்க. ஒரு கதவு பூட்டியிருந்தா நல்லாருக்கும்னு தோணுச்சு."

"அப்புறமா என்ன வைக்கிறதா இருந்தீங்க?"

"அப்புறம் பாத்துக்கலாம்னுதான் இருந்தேங்க."

மௌலி சார் ஃபோனை வைத்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா பேச்சி, இந்த ரசிகர்க ஃபோரத்துல கெடந்து எழுதறாங்கள்ல, அவங்க என்ன நெனைக்கறாங்கன்னு பூராத்தையும் படிச்சு எனக்கு ரிப்போர்ட் குடு. நல்லதா ஒண்ணு இருந்தா அதையே வெச்சுக்கலாம்."

சரி சார் என்று தலையாட்டினேன்.

"சரின்னு வாயத் தொறந்து சொல்லும்மா. பேருல இருக்கறதுல பாதியாச்சும் வாயில இருக்க வேண்டாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஷகீனாக்கா மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஃபோனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 19, வியாழன்

ஃபோரத்தைப் படிக்கிறேன். கிடங்குக்குள் கடல் இருக்கிறது என்பது ஒரு கட்சி. கிடங்குக்குள் இன்னொரு கிடங்கு இருக்கிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "உப்புமூட்டை" என்ற பெயரில் எழுதுகிறவர், ஊரில் காக்காய்கள் எந்தத் திசை பார்த்து உட்கார்கின்றன என்று படம் வரைந்து போட்டிருக்கிறார். ஷகீனாக்காவிடம் காட்டினேன். ஒரே காக்காயை நகல் எடுத்து எல்லாக் கூரையிலும் ஒட்டியதாகச் சொன்னார்.

ஜூன் 20, வெள்ளி

துணி துவைத்தேன். மழை.

ஜூன் 30, திங்கள்

அம்மா ஃபோன். "ஏளா, சாப்ட்டியா? சொரண்டையில ஒரு இடம் வந்திருக்கு. சிமெண்டு ஏஜென்சி. ஆவணில வந்து பாக்கட்டுமான்னு கேக்காவ."

வேலை ஆகஸ்ட் கடைசியில் பெர்மனன்ட் ஆகும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றேன்.

"ஆவலன்னா?"

நான் ஃபோனை மறு காதுக்கு மாற்றினேன்.

"ஆவலன்னா வந்துரு. ஆச்சுன்னா ஒரு வருசம் இரு, நா அப்பாட்ட பேசுதேன். இதான் பேச்சு."

போட்டோ அனுப்பியிருந்தாள். மாப்பிள்ளை சிமெண்டு மூட்டைகளுக்கு முன்னால் நிற்கிறார். மூட்டைகளை நன்றாக அடுக்கியிருக்கிறார்கள். கல்யாணத்துக்குப் பிறகு நான் வேலைக்கெல்லாம் போக வேண்டாம், கடையில் உட்கார்ந்து பில் போட்டால் போதும் என்றாராம்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். அதற்கு அரசாங்கம் சான்றிதழே கொடுத்திருக்கிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஃபோரத்தில் புதிதாக ஒரு தியரி வந்திருக்கிறது. எழுதியவர் பெயர் "கடலாமை". தலைப்பு: சீட்டுகளை எழுதுவது யார்?

ஆறு மாதச் சீட்டுகளைச் சேர்த்துவைத்திருக்கிறார். மார்ச் வரை வந்த சீட்டுகள் வறட்டு மொழியில் இருந்தன என்றும், மார்ச்சிலிருந்து எழுதுவது வேறு ஒருத்தி என்றும் சொல்கிறார். (நான் மார்ச்சில் சேர்ந்தேன்.) மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை ஒரு சீட்டும் வராது, அப்போதுதான் அவளுக்கு உணவு தருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வராது; அன்று அவளைக் கட்டிவைக்கிறார்கள். மே மாதம் இரண்டு நாள் சீட்டே இல்லை. தப்பிக்க முயன்று பிடிபட்டிருக்கிறாள்.

மே மாதம் எனக்கு வயிற்றுப்போக்கு.

ஆட்டுக்காரருக்கு நான் எழுதியதைப் பெரிய எழுத்தில் போட்டு, "பசி என்றால் என்னவென்று தெரிந்தவள் எழுதியது" என்று அடியில் எழுதியிருக்கிறார். அதற்கு முந்நூறுக்கு மேல் பதில்கள். எல்லோருக்கும் அவள்மேல் இரக்கம். எப்படி விடுவிப்பது என்று திட்டம் போடுகிறார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பெயர் "நண்டுக்கால்". அவர் எழுதியது:

"யோவ், அது யாரோ ஒரு பொண்ணு. வேலை பாக்குது. மத்தியானம் சோறு திங்கப் போகுது. ஞாயித்துக்கிழமை லீவு. ஒடம்பு சரியில்லன்னா வராது. விட்டுருங்கய்யா பாவம்."

அவரை எல்லோரும் திட்டியிருக்கிறார்கள். கற்பனையே இல்லாத ஜென்மம் என்று ஒருவர். கம்பெனிக்காரன் என்று ஒருவர். நண்டுக்கால் இதுவரை எழுதிய எல்லாவற்றையும் தேடிப் படித்தேன். ரிப்போர்ட்டுக்குத் தேவைப்படும்.

ஜூலை 7, திங்கள்

இன்று வேண்டுமென்றே இரண்டு மணிக்குச் சாப்பிடப் போனேன். மூன்று மணிக்கு ஃபோரத்தில்: "காவலாளி மாறிவிட்டான்."

ஜூலை 11, வெள்ளி

ரிப்போர்ட் கொடுத்தேன். மௌலி சார் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இது நீதானேம்மா?"

தலையாட்டினேன்.

"உள்ள ஒரு பொண்ணு. அட, எபனேசருக்கே தோணலயே!" எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "இத வெச்சு முடிச்சரலாம். நீ எப்பயும் போல எழுது. யாருகிட்டயும் மூச்சு விடாத. நீயின்னு தெரிஞ்சா போச்சு."

ஷகீனாக்கா மதியம் கேட்டார், "ஏன்டா, உன்னய உள்ள வெச்சுப் பூட்டியாச்சாமே? சோத்தையாச்சும் நிம்மதியாத் தின்னு." அவர் பிரியாணியில் பாதியை என் டப்பாவில் வைத்தார்.

ஜூலை 22, செவ்வாய்

சீட்டுகளில் இன்னும் கொஞ்சம் மர்மம் வேண்டும் என்று மௌலி சார் தானே எழுத ஆரம்பித்திருக்கிறார். பாஸ்வேர்டை மறந்த ஒருவருக்கு இன்று அவர் அனுப்பியது: "இருளின் கருவறையில் நினைவுகள் உப்பாய்க் கரைகின்றன."

அந்த ஆளுக்குப் பாஸ்வேர்டு கிடைக்கவில்லை.

ஃபோரம் இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டது. "இது அவள் இல்லை." "அவளைக் கொன்றுவிட்டார்கள்." "யாரோ ஒரு கவிஞன் உள்ளே புகுந்துவிட்டான், அவள் இப்படி அறுக்க மாட்டாள்." நண்டுக்கால் மட்டும்: "பொண்ணு லீவு போல. மேனேஜர் எழுதுறாப்ல."

மௌலி சார் என் மேசைக்கு வந்து, "நீயே எழுதும்மா" என்றார். அந்த ஆளுக்குப் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்து, "சிரமத்துக்கு மன்னிக்கவும். எங்காவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினேன். அவள் உயிரோடு இருப்பதை ஃபோரத்தில் கொண்டாடினார்கள்.

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று கேட்டுவிட வேண்டும் என்று காலையில் பஸ்ஸிலேயே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். மௌலி சார் அறையில் அது பாதிதான் வந்தது. "சார், முப்பத்தொண்ணாம் தேதியோட எனக்கு..." மீதியை அவரே சொன்னார்.

"பெர்மனன்ட்டா? பண்ணத்தான் வேணும். உன்னய விட்டா யாரு இருக்கா? ஆனா ஒரு சிக்கல் பாரு. பெர்மனன்ட் பண்ணிட்டா உன் பேரு, போட்டோ எல்லாம் கம்பெனி பேஜ்ல போடோணும். அந்தப் பேஜத்தான் இந்தப் பசங்க தெனமும் நோண்டிட்டு இருக்கானுங்க. சப்போர்ட் வேலைக்கு ஒரு பேரு வந்துச்சுன்னு வை, 'அட, இவதாண்டா அவ'ன்னு ஒரே நாள்ல முடிஞ்சுது. இத்தனை நாள் கட்டிவெச்சது பூரா போச்சு."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இரண்டாம் பாகம் முடியட்டும். தை மாசம் பாக்கலாம். அதுவரைக்கும் இப்பிடியே கான்ட்ராக்ட்ல இரு. பேரு வெளிய தெரியாம இருக்கறதுதாம்மா உன்னோட வேல்யூவே."

சரி சார் என்றேன். இந்த முறை வாய் திறந்தே சொன்னேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பாஸ்வேர்டு ஏழு. படகு ஒன்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. அம்மா காலையிலேயே கூப்பிட்டாள். "செப்டம்பர் ஏழு, ஞாயித்துக்கெழமை வாரோம்னுட்டாவ. பெர்மெண்ட் என்னளா ஆச்சு?"

தை மாதம் என்றேன்.

"தை மாசம் என்ன தை மாசம்? அவிய அதுவரைக்கும் காத்துக் கெடப்பாவளா? நா அன்னைக்கே சொன்னம்லா. நாலு நாள் லீவு சொல்லிட்டு வா. பச்சப் பட்டு எடுத்துருக்கேன்."

பச்சை எனக்குப் பொருந்தாது என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அப்பா லோடு ஆட்டோவைப் பின்னுக்கு எடுக்கும் சத்தம் கேட்டது. அம்மா வழி விடப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கதவு திறந்தது. கரை முழுக்க ஆட்கள், நிற்க இடமில்லாமல் ஒருவர் மேல் ஒருவர் ஏறி நின்றார்கள். ஷகீனாக்கா அதைப் பார்த்து "என் சர்வரு, என் சர்வரு" என்று முனகிக்கொண்டிருந்தார். உள்ளே ஒரே இருட்டு. அவர்கள் கேள்வி கேட்கலாம், உள்ளிருப்பவள் பதில் சொல்வாள். அதுதான் அத்தியாயம். கேள்விகளுக்கான பதில்களை மௌலி சார் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் பதில்: "நான் கடலின் கடைசி மகள்."

பெங்களூர்க்காரரோடு சார் அந்தப் பக்கம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். முதல் கேள்வி வந்தது. கடலாமைதான் கேட்டார்: "நீ யார்?"

சார் எழுதிக் கொடுத்த காகிதம் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்தேன். பிறகு இப்படி அடித்தேன்:

"என் பெயர் பேச்சியம்மாள். தென்காசிப் பக்கம் ஊர். கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். உங்கள் பாஸ்வேர்டுகளை மாற்றிக் கொடுப்பது நான்தான். மதியம் சாப்பிடப் போவேன். ஞாயிறு லீவு. இன்றைக்கு மட்டும் வரச் சொன்னார்கள்."

திரையில் ஒருவரும் அசையவில்லை. சர்வர் நின்றுவிட்டதா என்று ஷகீனாக்காவைப் பார்த்தேன். இல்லை என்று தலையசைத்தார். பிறகு உப்புமூட்டை கேட்டார்: "கடல் எப்போது திரும்பி வரும்?"

"எனக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்."

அதற்குள் மௌலி சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என்ன காரியம் பண்ணிட்டே, பேச்சி" என்றார். கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் ஆபீஸுக்குப் போகும்போது என் மேசையில் இருக்கும் சாமான்கள் ஒரு பைக்குள் அடங்குமா என்று யோசித்துக்கொண்டே போனேன். அடங்கும்.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஃபோரத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். நானும் என் இடத்தில் உட்கார்ந்து படித்தேன்.

யாரும் நம்பவில்லை.

"இவ்வளவு கொடூரமான முடிவை நான் படித்ததே இல்லை" என்று தொடங்கியிருந்தார் கடலாமை. "அவளைச் சங்கிலியால் கட்டவில்லை. வேலை பார்க்கிறோம் என்று அவளையே நம்பவைத்திருக்கிறார்கள். அதனால்தான் கதவு திறந்தும் அவள் வெளியே வரவில்லை." உப்புமூட்டை, தென்காசி என்பது இறந்தவர்கள் போகும் இடத்துக்கான குறியீடு என்கிறார். கோயம்புத்தூர் என்று தீவில் எந்த இடமும் இல்லை என்பதை ஒருவர் வரைபடத்தோடு நிரூபித்திருக்கிறார். எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார் என்ற வரியைத்தான் அதிகம் பேர் எடுத்துப் போட்டிருந்தார்கள். அது கடவுளைப் பற்றியதாம்.

நண்டுக்காலைத் தேடினேன். கடைசிப் பக்கத்தில் இருந்தார்.

"நான் ஒத்துக்கிறேன். ரெண்டு மாசமா நான் சொன்னதெல்லாம் தப்பு. நெசமா வேலை பாக்குற யாரும் இப்படிப் பேச மாட்டாங்க. இது கதைதான். எல்லாரும் மன்னிச்சிருங்க."

அதை மூன்று முறை படித்தேன். ரிப்போர்ட் வேலை முடிந்துவிட்டது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

பதினோரு மணிக்குக் கூட்டம். பெங்களூர்க்காரர் சம்மதித்துவிட்டாராம். மௌலி சார் என்னைத் திட்டுவதா, பாராட்டுவதா என்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "யாராச்சும் ஏதாச்சும் சொல்லோணுமா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"நான் சொல்லணும் சார்" என்றேன்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். எல்லோரும் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது.

"என் பேரு, ஊரு, வேலை எல்லாத்தையும் நேத்தே சொல்லியாச்சு சார். யாரும் நம்பல. இனிமே பேஜ்ல போட்டாலும் நம்ப மாட்டாங்க. அதனால பெர்மனன்ட் பண்றதுல சிக்கல் இல்ல."

மௌலி சார் வாய் திறந்தபடி இருந்தார். ஷகீனாக்கா மேசையை ஒரு தட்டுத் தட்டினார். "லாஜிக் கரெக்டா இருக்குங்க சார். போட்டுவிடுங்க."

"தையில..." என்று சார் ஆரம்பித்தார்.

"முப்பத்தொண்ணுக்குள்ள சார்" என்றேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆர்டர் கையில் கிடைத்தது. கம்பெனி பேஜில் என் பெயரும் போட்டோவும் வந்துவிட்டன. போட்டோவில் கண்களைப் பாதி மூடியிருக்கிறேன். அதன் கீழே முதல் கமெண்ட்: "பாத்திரத்துக்கு முகமே கொடுத்துவிட்டார்கள்! யார் இந்த நடிகை?"

அம்மாவிடம் சொன்னேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "ஆனா வாரோம்னவியள வராதியன்னு எப்படிளா சொல்ல? வந்து பாத்துட்டுப் போட்டும். ஒரு வருசம் களிச்சுன்னு நா சொல்லிக்கிடுதேன்" என்றாள்.

ஏழாம் தேதிக்கு ஊருக்கு வர டிக்கெட் எடுக்கவில்லை என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 3, புதன்

மதியம் பன்னிரண்டு இருக்கும். அம்மா கூப்பிட்டாள். வேலை நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. எடுத்தேன்.

மாப்பிள்ளையின் சித்தப்பா சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாராம். பெண் சொல்கிற கம்பெனி உண்மைதானா என்று நெட்டில் பார்த்திருக்கிறார். என் பெயரைப் போட்டதும் எல்லாம் வந்திருக்கிறது. ஒரு இடம் விடாமல் படித்துவிட்டு, சுரண்டைக்கு ஃபோன் போட்டு, இந்த சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"ஏளா, என்னென்னமோ சொல்லுதாவ" என்றாள் அம்மா. "அந்தப் பொண்ணு செத்துப் போயி ரொம்ப நாளாச்சுங்காவ. ஒருத்தன், அப்படி ஒரு பொண்ணு பொறக்கவே இல்லன்னு எழுதிருக்கானாம். படிச்சவிய சொன்னா சரியாத்தான் இருக்கும்னு தரகர் எங்கிட்டயே சொல்லுதாரு. ஏளா, நீ அங்க என்னதாம்ளா வேல பாக்க?"

"குறை தீர்க்கிறேம்மா."

"எனக்குப் பயமா இருக்குளா. நீ நல்லாத்தான இருக்க?"

"இருக்கேம்மா" என்றேன். அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல. "இருக்கேம்மா! நான் இங்கதான் இருக்கேன்!"

சத்தமாக வந்துவிட்டது. மௌலி சார் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஷகீனாக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

அம்மா கொஞ்சம் அமைதியானாள். சம்பந்தம் போனதற்கு எனக்கு வருத்தமா என்று கேட்டாள். வருத்தம்தான் என்றேன். பச்சைப் பட்டை என்ன செய்வது என்றாள். அவளையே கட்டிக்கொள்ளச் சொன்னேன். "நல்லா இருக்கும்லா" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக.

ஃபோனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த புகாரைத் திறந்தேன். பாஸ்வேர்டு.